கடலில்லாத ஊரிலிருந்து அலைச்சறுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் குடியிருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. எந்தப் பக்கம் போனாலும் கடல் 300 கிலோமீட்டருக்கு அப்பால்தான். 41 வயதில், ஒரு பொங்கல் விடுமுறையில், கோவளத்தில் அலைச்சறுக்கு (பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங்) முதல் வகுப்புக்குப் போனேன். அதிலிருந்து வருடத்துக்கு மூன்று நான்கு முறை போகிறேன். இன்னும் பெரிய கைகாரி ஆகிவிடவில்லை. நுரை அலையில் ஒழுங்காக நிற்பேன். உடையாத அலை பத்து வந்தால் மூன்றைப் பிடிப்பேன்.

அலுவலகச் சாப்பாட்டு மேசையிலும், எங்கள் கட்டட லிஃப்டிலும், மதுரைச் சித்தியின் தொலைபேசியிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன.

முதல் வகுப்பிலேயே அந்தப் பெரிய அலைகளுக்குள் தள்ளிவிடுவார்களா?

இல்லை. தொலைக்காட்சியில் பார்ப்பது உடையாத அலையின் முகத்தில் சறுக்குவது. அது பல மாதப் பழக்கத்துக்குப் பிறகு. அலையின் உயரத்தைப்போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலை கவிழ்ந்து உடைகிறது. உடைந்த பிறகு வெள்ளை நுரையாகக் கரையை நோக்கி ஓடி வரும் மிச்சம்தான் உங்கள் வகுப்பறை. தண்ணீர் இடுப்பளவு இருக்கும். கால் தரையில் இருக்கும்.

அதற்காக அந்த நுரையை அற்பமாக எண்ணவேண்டாம். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை. முழங்கால் உயர நுரை ஆளைப் புரட்டிப்போடும்.

பெங்களூரிலிருந்து எங்கே போவது?

கிழக்கே போனால் சென்னைக்குத் தெற்கில் கோவளம், அதற்கும் கீழே மாமல்லபுரம், பிறகு புதுச்சேரி. மேற்கே போனால் மங்களூருக்கு வடக்கே 30 கிலோமீட்டரில் முல்கி. இரவு ரயிலில் போகத் தயாரென்றால் கேரளத்தின் வர்க்கலை. கன்னியாகுமரி ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கிறது.

கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கி வைத்த பழக்கம் இன்று ஊரின் தொழில்களில் ஒன்றாகிவிட்டது. மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேசப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே நடந்தது. முல்கியில் ஷாம்பவி ஆறு கடலில் சேரும் இடத்தில், ஓர் ஆசிரமத்தை ஒட்டி, இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்குக் கோவளமும் மாமல்லபுரமும் பிடிப்பதற்குத் தனிக்காரணம் உண்டு. பயிற்சியாளர்கள் பெரும்பாலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். என்னைவிட இருபது வயது சின்னவனை நான் அண்ணா என்கிறேன், அவன் என்னை அக்கா என்கிறான். "அக்கா, பலகையைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள்!" நாள் முழுவதும் கன்னடமும் ஆங்கிலமும் பேசிவிட்டு வரும் காதுக்கு, பயத்தில் இருக்கும்போது தாய்மொழியில் அதட்டல் வாங்குவது ஒரு சுகம்.

கோவளம் என்றால் கேரளம்தானே?

அதுவும் கோவளம்தான், அங்கேயும் சொல்லித் தருகிறார்கள். குழப்பம் உண்மையானது. என் சித்தி மகன் சென்னைக் கோவளத்தில் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்தான். சென்னைக் கோவளத்தை ஆங்கிலத்தில் சிலர் Covelong என்று எழுதுகிறார்கள், சிலர் கேரளக் கோவளத்தைப் போலவே Kovalam என்கிறார்கள். தமிழில் கேட்டுப் போகிறவர்கள் எந்த மாவட்டம் என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குத்தான் எனக்கு விடுமுறை. அப்போது போகலாமா?

போகலாம், ஆனால் கிழக்கே போகாதீர்கள். விடுமுறையை முதலில் குறித்துவிட்டுக் கடலை அதற்குள் திணிப்பதுதான் பெங்களூர்க்காரர்கள் செய்யும் பெரிய தவறு. நானும் செய்தேன். இரண்டாம் வருடம் நவம்பரில் மாமல்லபுரம் போய், மூன்று நாள் அறை ஜன்னல் வழியே மழையையும் சேற்றுநிறக் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நம் ஊர் இரண்டு கடல்களுக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கிறது. இந்த வசதி சென்னைக்காரருக்கும் மங்களூர்க்காரருக்கும் கிடையாது. எந்தக் கரையில் பருவமழை கொட்டுகிறதோ அதற்கு எதிர்க்கரைக்குப் போகவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். முல்கியும் வர்க்கலையும் கொந்தளிக்கும். மங்களூருக்கு இறங்கும் சிராடி மலைப்பாதையில் மண்சரிவும் வரும். அதே நாட்களில் கிழக்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை ஒழுங்காக வருகிறது. ஆகஸ்ட் 15 விடுமுறைக்குக் கோவளம் சரி. அலை கொஞ்சம் பெரிதாக இருக்கும், நுரையிலேயே நில்லுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமும் புயல்களும். அப்போது மேற்கே திரும்புங்கள். தசராவின் பிற்பகுதி, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் முல்கிக்கும் வர்க்கலைக்கும் உரியவை.

ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு கரையும் சாது. முதன்முறை போகிறவருக்கு நான் சொல்வது பொங்கலிலிருந்து மகா சிவராத்திரி வரையிலான காலம். அலை சிறிது, வெயில் பொறுக்கக்கூடியது. ஏப்ரல், மே மாதங்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. கீழே கள்ளக்கடல் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

எனக்கு நீச்சலே தெரியாது. சேர்த்துக்கொள்வார்களா?

பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். தண்ணீர் இடுப்பளவுதான், பலகை மிதக்கும், ஆள் கூடவே நிற்பார் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அதில் பொய்யில்லை. ஆனால் நான் போகச்சொல்ல மாட்டேன்.

காரணம் மூழ்கிவிடுவோம் என்பது மட்டும் அல்ல. நீச்சல் தெரியாதவர் விழுந்ததும் தண்ணீருக்குள் மூச்சை இழுத்துவிடுகிறார். ஒருமுறை உப்புநீர் மூக்கில் ஏறினால் அடுத்த ஒரு மணி நேரமும் விழுவதற்கே பயந்து, குனிந்து, விறைத்து நிற்பார். விறைத்த உடம்பு பலகையில் நிற்காது. இந்த விளையாட்டில் பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் விழுவதுதான் வேலை.

பெரிய நீச்சல் தேவையில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விடத் தெரியவேண்டும். மல்லாந்து ஒரு நிமிடம் மிதக்கவேண்டும். பதற்றமில்லாமல் 25 மீட்டர் கடக்கவேண்டும். குடியிருப்பு நீச்சல் குளத்திலோ பசவனகுடி, சதாசிவநகர் போன்ற இடங்களில் உள்ள குளங்களிலோ ஒரு மாதம் போனால் வந்துவிடும். காலில் கட்டும் கயிறு இருக்கிறதே என்று வாதாடுவார்கள். லீஷ் என்று சொல்லும் அந்தக் கால்கயிறு பலகை ஓடிப்போகாமல் இருப்பதற்கானது. உயிர்காப்பு என்று அதை நம்பவேண்டாம். கயிறு அறுவதும் உண்டு.

ஒன்றரை மணி நேரத்தில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

முதல் 20 நிமிடம் மணலில். பலகையின் படத்தை மணலில் கீறி, அதன்மேல் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். கால்விரல் எங்கே, மார்பு எங்கே, கை எங்கே ஊன்றுவது, எப்படித் துள்ளி எழுவது என்று பத்துப் பதினைந்து முறை செய்யவைப்பார்கள். கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். வெட்கப்படாதீர்கள்.

பிறகு தண்ணீர். பயிற்சியாளர் பலகையைப் பிடித்துக்கொண்டு அலையைப் பார்ப்பார், சரியான நுரை வந்ததும் தள்ளிவிட்டு "எழுந்திரு" என்று கத்துவார். அலையைத் தேர்ந்தெடுப்பது, நேரம் பார்ப்பது, வேகம் கொடுப்பது மூன்றையும் அவரே செய்துவிடுகிறார். நீங்கள் செய்யவேண்டியது எழுவது ஒன்றுதான். அதனால்தான் முதல் நாளில் "எனக்கு வந்துவிட்டது" என்ற மயக்கம் வருகிறது. தள்ளிவிட ஆளில்லாத நாளில் அது தெளியும்.

முதல் நாளே எழுந்து நின்றுவிட முடியுமா?

பலர் கடைசி அரை மணிக்குள் இரண்டு மூன்று விநாடி நிற்கிறார்கள். நான் நிற்கவில்லை. முழங்காலில் நின்றேன், அதையே புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் கண். கீழே காலைப் பார்க்கிறோம். தலை குனிகிறது, உடல் எடை முன்னே சாய்கிறது, பலகையின் மூக்கு தண்ணீரில் குத்துகிறது. சைக்கிள் கற்றபோது முன்சக்கரத்தைப் பார்த்து விழுந்த அதே கதை. கரையில் ஒரு படகையோ பனைமரத்தையோ பார்த்துக்கொண்டு எழுங்கள். இன்னொன்று: முழங்காலை ஊன்றி எழும் பழக்கத்தை என்னைப்போல் ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்ளாதீர்கள். விடுவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது.

எந்தக் காலை முன்னால் வைப்பது?

யாரையாவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தானாக முன்னே பாயும் கால் எதுவோ அதுவே பெரும்பாலும் முன்கால். ஒத்துவராவிட்டால் மாற்றிப் பாருங்கள். இதில் சரி தவறு இல்லை. வலது கையால் எழுதுகிறவர்கள் பலர் இடது காலைத்தான் முன்னே வைக்கிறார்கள்.

ஏன் காலை ஆறு மணிக்கே வரச் சொல்கிறார்கள்? விடுமுறையில் தூங்கக்கூடாதா?

பள்ளிப் பாடத்தில் படித்த நிலக்காற்றும் கடற்காற்றும்தான் காரணம். இரவில் நிலம் கடலைவிடக் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது; அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்தி வைக்கிறது. வெயில் ஏற ஏறத் திசை மாறிக் கடற்காற்று வந்துவிடும். அலைகள் கலைந்து, எங்கிருந்து எது வருகிறது என்றே தெரியாது. பத்தரை மணி வெயிலில் மணல் காலைச் சுடும் என்பது இன்னொரு காரணம்.

வெள்ளி இரவு பஸ் ஏறி சனி காலை நேராகக் கடலில் இறங்கிவிடலாமா?

செய்தேன். கைகள் எழவே இல்லை. தூங்காத உடம்புக்குச் சமநிலை வராது. சனிக்கிழமை சேர்ந்ததும் தூங்குங்கள், மாலையில் கரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அலையை மட்டும் பாருங்கள், ஞாயிறும் திங்களும் வகுப்பு வையுங்கள். ஒரே வகுப்போடு திரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது: இரண்டாம் நாள்தான் உடம்புக்கு விஷயம் விளங்குகிறது. பணம் குறைவாக இருந்தால் அறையில் சிக்கனம் பிடித்து இரண்டு வகுப்பாக எடுங்கள்.

காரில் போகிறவர்கள் மாமல்லபுரத்துக்குச் சென்னைக்குள் நுழையவே வேண்டாம். கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய 340 கிலோமீட்டர்.

என்ன உடுத்துவது? தாலியைக் கழற்ற வேண்டுமா?

உடலோடு ஒட்டிய, சீக்கிரம் காயும் துணி. முழுக்கை நீச்சல் மேற்சட்டையும் கணுக்கால் வரை இறுக்கமான கால்சட்டையும் போதும். வெயிலிலிருந்தும், பலகை உரசி வயிறும் முழங்காலும் தோலுரிவதிலிருந்தும் காக்கும். நம் கடல்நீர் வெதுவெதுப்பானது, ரப்பர் உடை தேவையில்லை. பருத்திச் சுடிதார் வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், துப்பட்டா கழுத்தில் சுற்றும்.

தாலிக் கேள்வியை என்னிடம் ரகசியமாகக் கேட்டவர்கள் குறைந்தது எட்டுப் பேர். தங்கச் சங்கிலியாக இருந்தால் கழற்றுவதே நல்லது. பலகைக்கு அடியில் மாட்டி இழுத்தால் கழுத்து கீறும்; அறுந்தால் மணலில் தேட முடியாது. கழற்ற மனமில்லாதவர்கள் கடலில் இறங்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மஞ்சள் கயிற்றுக்கு மாற்றி, மேற்சட்டைக்குள் ஒட்டவைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கட்டடத்து அக்கா ஒருவர் அப்படித்தான் செய்கிறார். மோதிரம், வளையல், தொங்கும் கம்மல் எல்லாம் அறையில். வெள்ளிக் கொலுசும்தான், கால்கயிறு கட்டும் இடம் அது.

கண்ணாடி போடுகிறவர்கள் என்ன செய்வது?

கழற்றிவிடுங்கள். நுரை அலையைப் பார்க்கப் பெரிய பார்வை தேவையில்லை, பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். ஆனால் உங்கள் பார்வைக்குறைவை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கையசைத்து அழைத்தால் தெரியாது, கத்தவேண்டும் என்று அவருக்குத் தெரியவேண்டும். காண்டாக்ட் லென்ஸோடு இறங்குவது கண்ணுக்குக் கெடுதல், முதல் குப்புறலிலேயே போய்விடவும் செய்யும்.

என் எடை 95 கிலோ, வயது 52. கேலியாக இருக்காதா?

கடற்கரையில் எல்லாரும் விழுந்துகொண்டிருக்கிறார்கள், யார் யாரைக் கேலி செய்வது? எடைக்கு ஏற்ற பலகை கேளுங்கள். தொடக்கக்காரருக்கு 8 அடி மென்பலகை சாதாரணம். உங்களுக்கு 9 அடி. பலகை நீளமும் பருமனும் கூடினால் மிதப்பும் நிதானமும் கூடும். "சின்னதாக ஒன்று கொடுங்கள், தூக்கிக்கொண்டு நடக்க வசதி" என்று கேட்காதீர்கள்.

வயதைவிடத் தோளும் முழங்காலும்தான் கணக்கு. தோள்மூட்டு ஒருமுறை நழுவியவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், வலிப்பு வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரவேண்டாம். கர்ப்பிணிகள் குப்புறப் படுக்கவே கூடாது. கரையில் இருந்து படம் எடுங்கள்.

அந்த நாட்களில் இறங்கலாமா?

உடம்பு ஒத்துழைத்தால் இறங்கலாம். மாதவிடாய்க் கோப்பை வைத்துக்கொள்பவர்களுக்குத் தொல்லையே இல்லை. நாப்கின் தண்ணீரில் உதவாது. முதன்முறை கோப்பையை அன்று காலைதான் முயன்று பார்ப்பது என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு ஆகும்? எந்தப் பள்ளி நல்லது?

நான் கடைசியாகக் கொடுத்தது ஒரு வகுப்புக்கு 2,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பலகையும் மேற்சட்டையும் அதில் அடக்கம். பெயர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன், ஆள் மாறினால் பள்ளியும் மாறிவிடுகிறது. பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள்: தண்ணீரில் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? நான்கு வரை சரி. நான் ஒருமுறை போன இடத்தில் ஒருவருக்கு ஒன்பது பேர். அந்த ஒருவரும் பாதி நேரம் கரையில் கைபேசியில் இருந்தார். பலகை மென்மையானதா? உயிர்காப்பு, முதலுதவிப் பயிற்சி எடுத்தவர்களா? கடல் மோசமாக இருந்தால் பணம் திருப்பித் தருவீர்களா, நாளை மாற்றுவீர்களா?

கடைசிக் கேள்விக்கான பதிலில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். "கடல் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்" என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

எங்கள் அலுவலகக் குழுவாக 22 பேர் போகிறோம். ஏற்பாடு செய்து தருவீர்களா?

மாட்டேன். ஆனால் யோசனை சொல்கிறேன். ஒரே நேரத்தில் 22 பேரையும் இறக்காமல் ஆறு அணியாகப் பிரியுங்கள்; ஒரு பயிற்சியாளருக்கு நான்கு பேர் வரை என்று மேலே சொன்ன கணக்கு உங்களுக்கும் பொருந்தும். முந்தைய இரவு மது விருந்து வைத்துவிட்டுக் காலையில் கடல் என்று திட்டமிடாதீர்கள். வரவில்லை என்பவரை "குழு உணர்வு" சொல்லி இழுக்காதீர்கள். மேலாளருக்கு முன்னால் பயந்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஆழத்துக்குப் போகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

சுறா இருக்குமே?

நம் கரைகளில் அலைச்சறுக்குகிறவர்களுக்குச் சுறா பெரிய கவலையே இல்லை. சுறாப்புட்டு கிண்டும் நாட்டில் பயப்படவேண்டியது நாமல்ல, சுறாதான்.

கவனிக்கவேண்டியவை வேறு இரண்டு. ஜெல்லி மீன், மீனவர்கள் சொறி என்பார்கள். பட்டால் தீப்பட்டது போல எரியும். மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டும் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்களைக் கிளப்பிவிடும். கடல்நீரால் கழுவிப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனை. இன்னொன்று மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை. காலைத் தூக்கி வைத்து நடக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிப்போய்விடும்.

கடல் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்களே, அது என்ன?

இதுதான் உண்மையில் பயப்படவேண்டியது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் எங்காவது திரும்பிப்போக வேண்டும். மணல்திட்டில் பள்ளமான ஓர் இடம் கிடைத்தால் அங்கே கூடி ஆறு போல வெளியே ஓடும். சாதாரணமாக விநாடிக்கு அரை மீட்டர் வேகம், சில நேரம் 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரர்கள் 100 மீட்டரை 47 விநாடியில் நீந்துகிறார்கள். கணக்குப் போட்டால் அவர்களும் அந்த உச்ச வேகத்தை எதிர்த்துக் கரை சேர முடியாது.

வேடிக்கை என்னவென்றால் அந்த இடம்தான் பார்க்கச் சாதுவாக இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அலை உடையாமல் அமைதியாக, சற்று இருண்ட நிறத்தில் ஒரு வழி. குழந்தைகளைக் குளிப்பாட்டக் குடும்பங்கள் தேடிப்போவது அங்கேதான்.

மாட்டினால் பலகையை விடாதீர்கள். அதன்மேல் படுத்துக்கொண்டு கையை உயர்த்துங்கள். கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கையால் துழாவுங்கள். நுரை உடையும் இடத்துக்கு வந்ததும் அலையே கரைக்குத் தள்ளிவிடும். அந்த ஓட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. மிதக்கத் தெரிந்தவருக்கு அவகாசம் உண்டு. நீச்சல் கேள்விக்கு நான் அவ்வளவு கறாராகப் பதில் சொன்னதன் மீதிக் காரணம் இது.

கள்ளக்கடல் என்று செய்தியில் வருகிறதே?

தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ தொலைவில் அடிக்கும் புயல்காற்று எழுப்பும் நெடிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருவது. இங்கே காற்று இருக்காது, வானம் நீலமாக இருக்கும், கடல் திடீரென்று ஏறிவிடும். திருடன் போல வருவதால் கேரள மீனவர்கள் வைத்த பெயர். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். 2024 மே 6 அன்று, எச்சரிக்கை அமலில் இருந்தபோது, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் இறந்தார்கள்.

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை விடுகிறது. கிளம்புவதற்கு முந்தைய நாளும் இறங்கும் நாள் காலையிலும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால், கடல் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள்.

சுனாமி வந்தால் என்ன செய்வாய் என்று அம்மா கேட்கிறாள்.

என் அம்மாவும் கேட்டாள். 2004 டிசம்பர் 26-ஐ பார்த்தவர்களிடம் சிரிக்கக்கூடாது. மேலே சொன்ன அதே மையத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கைப் பிரிவும் இயங்குகிறது என்று சொல்லுங்கள். நில அதிர்வை உணர்ந்தாலோ கடல் வழக்கத்துக்கு மாறாக வெகுதூரம் உள்வாங்கினாலோ, பலகையைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுவோம் என்றும் சொல்லுங்கள். பிறகு இரவு பஸ் நெடுஞ்சாலையில் போகும் வேகத்தைப் பற்றி அம்மா ஏன் கவலைப்படுவதில்லை என்று மனதுக்குள் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அலையைவிடப் பலகைதான் அடிக்கும் என்றார் ஒருவர். உண்மையா?

உண்மை. என் மேலுதட்டுத் தழும்பு அதன் சாட்சி. பலகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது அதை உங்களுக்கும் அலைக்கும் நடுவே குறுக்காக வைத்துக்கொள்ளக்கூடாது. நுரை வந்து அதை அப்படியே முகத்தில் அறையும். எப்போதும் பக்கத்தில், மூக்கு அலையைப் பார்த்தபடி. விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக, பக்கவாட்டில் விழுங்கள், ஆழம் இல்லை. எழும்போது முதலில் கைகளால் தலையை மூடிக்கொண்டு, பிறகு முகத்தை வெளியே எடுங்கள். பலகை திரும்பி வந்துகொண்டிருக்கலாம். கால்கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். இழுக்கும்போது விரல் போகும்.

பெங்களூரிலேயே ஏதாவது பழகிக்கொள்ளலாமா? அல்சூர் ஏரி?

அல்சூர் ஏரிக்கு அருகில் திருவள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு வாருங்கள், ஏரியில் இறங்காதீர்கள். வீட்டில் பாயை விரித்துக் குப்புறப் படுத்துத் துள்ளி எழுவதை நாளுக்கு 20 முறை, மூன்று வாரம் செய்தால் பெரிய வித்தியாசம் தெரியும். எங்கள் கீழ்வீட்டுக்காரர் இரண்டாம் நாளே வந்து, மாவு இடிக்கிறீர்களா என்று கேட்டார். பகல் நேரத்தில் செய்யுங்கள். தோளுக்கு நீச்சல், காலுக்கு உட்கார்ந்து எழும் பயிற்சி. ஸ்கேட்போர்டு பழகினால் சமநிலைக்கு உதவும், ஆனால் கடலில் விழுவதும் தாரில் விழுவதும் ஒன்றல்ல.

திரும்பி வந்த பிறகு குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஆபத்தா?

இல்லை. மூக்கை ஒட்டிய எலும்பு அறைகளில் தேங்கிய கடல்நீர், தலை சாயும்போது வழிகிறது. எனக்கு ஓட்டலில் இட்லித் தட்டின்மேல் கொட்டியது. ஒரு நாளில் நின்றுவிடும். காதில் வலியோ சீழோ, காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போங்கள். பெருமழைக்கு அடுத்த இரண்டு நாள், குறிப்பாக முகத்துவாரங்களுக்கு அருகில் இறங்காமல் இருந்தால் இந்தத் தொந்தரவு குறையும். ஊர்ச்சாக்கடை எல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்கு வருகிறது.

விலா எலும்பும் தோளும் மூன்று நாள் வலிக்கும். திங்கட்கிழமை தலை வாரக் கை எழாது. அதற்கு மருந்தில்லை.

ஒரு பலகை வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

பத்து வகுப்பு முடியும்வரை வேண்டாம். உங்களுக்கு இன்று தேவையான 9 அடிப் பலகை ஒரு வருடத்தில் தேவைப்படாமல் போகலாம், அல்லது என்னைப்போல் நான்கு வருடமும் அதிலேயே இருக்கலாம். இப்போது சொல்ல முடியாது. இரவு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், பெரும்பாலான குடியிருப்பு லிஃப்டுகளில் நிமிர்த்தி வைக்க முடியாது. அளந்து பார்த்துவிட்டேன், எங்கள் லிஃப்டின் உயரம் 7 அடி 2 அங்குலம்.